வினாத்தாளை எட்டிய சிஸ்டம்டி
லினக்ஸ் வந்த பாதை – பகுதி 23

சென்ற பகுதியை டெபியன் தொழில்நுட்பக் குழுவின் வாக்கெடுப்போடு நிறுத்தியிருந்தோம். எட்டுப் பேர் கொண்ட குழு சரிபாதியாகப் பிரிந்து நின்றது. 2014 பிப்ரவரி 11 அன்று குழுத்தலைவர் பிடேல் கார்பி தம் தீர்மான வாக்கை சிஸ்டம்டிக்குப் போட்டார். மூன்றே நாளில், அப்ஸ்டார்ட்டை வளர்த்துவந்த கனானிக்கல் நிறுவனத்தின் மார்க் ஷட்டில்வொர்த், உபுண்டுவும் டெபியனைப் பின்தொடரும் என்று அறிவித்துவிட்டார். லினக்ஸ் கணினியில் கெர்னலுக்கு அடுத்து முதலில் எழ வேண்டிய நிரல் எது என்ற வழக்கு பெரும்பாலான வழங்கல்களைப் பொறுத்தவரை அதோடு தீர்ந்தது.

இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் பலரும் இங்கேயே முடித்துக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு குழு எடுத்த முடிவு, எங்கோ ஒரு சர்வர் அறையில் இரவுப் பணியில் இருப்பவரின் விரல்களுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? பழைய கமாண்டுகளை மறந்து புதியவற்றைப் பழகும்படி அவரை யார் செய்தார்கள்? பெரிய பங்கு சான்றிதழ்த் தேர்வுகளுக்கு உண்டு. வேலைக்கு ஆள் எடுப்பவர் சான்றிதழைப் பார்க்கிறார், படிப்பவர் பாடத்திட்டத்தைப் பார்க்கிறார், பாடநூல் எழுதுபவரும் பயிற்சி வகுப்பு நடத்துபவரும் அதே பாடத்திட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். அதில் ஒரு வரி மாறினால் வகுப்பறைப் பலகையில் எழுதப்படுவது மாறும்.

எந்தத் தேர்வுத்தாளிலிருந்தும் எடுக்காமல் நானே அமைத்த ஒரு கேள்வியை வைத்துத் தொடங்குகிறேன்: கணினி எந்த ரன்லெவலில் எழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கோப்பு எது?

ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 5 ஓடும் கணினியில் இதற்குச் சந்தேகமே இல்லாத விடை, எட்சி அடைவில் இருக்கும் இனிட்டேப். கெர்னல் ஏறி முடித்ததும் இனிட் என்ற நிரலை முதல் எண் புராசஸாக எழுப்பும். இனிட் நேரே இனிட்டேப்பைத் திறந்து, இனிட்டிஃபால்ட் என்று முடியும் வரியில் உள்ள எண்ணைப் படிக்கும். எண் 3 என்றால் ஆர்சி3.டி அடைவுக்குள் போகும். அங்கே எஸ் என்ற எழுத்தில் தொடங்கும் இணைப்புகள் எண் வரிசையில் நிற்கும். 10ஆம் எண்ணில் நெட்வொர்க், 55ஆம் எண்ணில் எஸ்எஸ்ஹெச், 85ஆம் எண்ணில் அப்பாச்சி. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. கே என்று தொடங்குபவை நிறுத்த வேண்டியவை. 1983இல் ஏடி அண்ட் டி வெளியிட்ட சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸிலிருந்து வந்த முறை இது. லினக்ஸுக்கு இதை எழுதித் தந்தவர் மிக்கேல் வான் ஸ்மூரன்பர்க். ஒரு அடைவுப் பட்டியலை எடுத்துப் பார்த்தாலே கணினி எப்படி எழும் என்று சொல்லிவிடலாம். தேர்வு எழுதுபவருக்கும் எளிது, கேள்வி அமைப்பவருக்கும் எளிது.

2010 நவம்பரில் ரெட் ஹாட் 6 வந்தது. அதில் எழுப்பும் வேலையை ஏற்றது அப்ஸ்டார்ட். ஸ்காட் ஜேம்ஸ் ரெம்னன்ட் உபுண்டுவுக்காக எழுதி 2006இல் 6.10 பதிப்பில் களமிறக்கிய நிரல் அது. இனிட்டேப் கோப்பு அப்போதும் இருந்தது. ஆனால் அதைத் திறந்தால் மேலே ஒரு குறிப்பு: தொடக்க ரன்லெவலுக்காக மட்டும் அப்ஸ்டார்ட் இந்தக் கோப்பைப் படிக்கிறது, வேறு எதை எழுதினாலும் பயன் இராது. இனிட்டேப்பில் முன்பு இருந்த கெட்டி வரிகள், கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் வரி எல்லாம் வேறு இடத்துக்குப் போயிருந்தன. நம் கேள்விக்கு இனிட்டேப் என்று எழுதினால் இன்னும் மதிப்பெண் உண்டு. அதே கோப்பைப் பற்றி இன்னும் ஆழமாகக் கேட்டிருந்தால் விடை தவறியிருக்கும்.

2014 ஜூனில் ரெட் ஹாட் 7 வந்தது. இனிட்டேப் அங்கேயும் இருக்கிறது. உள்ளே ஒரு வரிகூட வேலை செய்வதில்லை, எல்லாம் விளக்கக் குறிப்புகள். சிஸ்டம்டி பயன்படுத்தும்போது இந்தக் கோப்புக்கு வேலை இல்லை, இங்கே எதைச் சேர்த்தாலும் கணினியில் ஒரு விளைவும் இருக்காது என்று அந்தக் குறிப்பே சொல்கிறது. ரன்லெவல் 3க்குப் பதில் மல்ட்டியூசர் டார்கெட், 5க்குப் பதில் கிராஃபிக்கல் டார்கெட். எது தொடக்கம் என்பதை சிஸ்டம்சிடிஎல் கமாண்டின் செட்-டிஃபால்ட் தீர்மானிக்கிறது. அது செய்வதெல்லாம் டிஃபால்ட் டார்கெட் என்ற பெயரில் ஒரு இணைப்பை வைப்பதுதான். ஒரே நிறுவனம், அடுத்தடுத்த மூன்று பதிப்புகள், ஒரே கேள்வி. முதலில் சரி, அடுத்து பாதி சரி, கடைசியில் தவறு.

இந்த மூன்று பதிப்புகளும் ஒன்று போய் ஒன்று வரவில்லை. ரெட் ஹாட் 5க்கான வழக்கமான ஆதரவு 2017 மார்ச் வரை நீடித்தது, 6க்கு 2020 நவம்பர் வரை, 7க்கு 2024 ஜூன் வரை. 2015இல் ஒரு வங்கியின் சர்வர் அறைக்குள் நுழைகிற நிர்வாகிக்கு மூன்றுமே எதிர்ப்படலாம். கேள்வி அமைப்பவர் பழையதை எப்போது விடுவது, புதியதை எப்போது எடுப்பது என்று திண்டாடியதற்குக் காரணம் இதுதான். புதியது எது என்று தெரிந்துகொள்வதில் சிரமம் இல்லை. களத்தில் எது எவ்வளவு ஓடுகிறது என்று கணிப்பதில்தான் சிரமம்.

லினக்ஸ் புரொஃபஷனல் இன்ஸ்டிட்யூட் இந்தச் சிக்கலை எப்படிக் கையாண்டது என்று பார்ப்போம். சுருக்கமாக எல்பிஐ. 1999இல் கனடாவில் பதிவான, லாப நோக்கற்ற அமைப்பு. எந்த ஒரு நிறுவனத்தின் வழங்கலையும் சாராமல் தேர்வு நடத்துவது அதன் கொள்கை. அதன் முதல் படியான எல்பிஐசி-1 சான்றிதழுக்கு 101, 102 என்று இரண்டு தேர்வுகள். ஒவ்வொன்றிலும் 60 கேள்விகள், 90 நிமிடம். வினாத்தாள்கள் வெளியே வருவதில்லை, தேர்வு எழுதுபவர்கள் ரகசியம் காப்பதாக ஒப்புக்கொண்டே உட்காருகிறார்கள். எனவே வரலாறு எழுதுகிறவனுக்குக் கிடைக்கும் ஆவணம் அவர்கள் பொதுவில் வைக்கும் பாடத்திட்டம் ஒன்றுதான். நல்லவேளையாக அது மிக நுணுக்கமான ஆவணம். ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு எடை உண்டு. எடை 3 என்றால் அதிலிருந்து ஏறக்குறைய மூன்று கேள்விகள் வரும். தெரிந்திருக்க வேண்டிய கோப்புகளும் கமாண்டுகளும் பெயர் பெயராக அடுக்கப்பட்டிருக்கும். ஒன்றைப் புரிந்துகொண்டிருக்க வேண்டுமா, கேள்விப்பட்டிருந்தால் போதுமா என்பதையும் தனித்தனியாகச் சொல்லியிருப்பார்கள்.

அந்த ஆவணத்தின் மூன்று பதிப்புகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரு தொழில் மாறிய வேகம் தெரிகிறது.

முதலாவது, 2012இல் வந்த 3.5. லென்னார்ட் போட்டரிங் தம் புதிய திட்டத்தை உலகுக்குச் சொன்னது 2010 ஏப்ரல் 30இல். கே சீவர்ஸோடு சேர்ந்து அவர் எழுதிய சிஸ்டம்டி, 2011 மே மாதம் ஃபெடோரா 15இல் முதன்முதலாக இயல்பு நிரலாக ஏறியது. அதே ஆண்டு நவம்பரில் ஓபன்சூசே 12.1 எடுத்துக்கொண்டது. நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்கி ஓட்டும் வழங்கல்கள் எதிலும் அது இன்னும் நுழையவில்லை. உபுண்டு சர்வர்களிலும் ரெட் ஹாட் 6லும் அப்ஸ்டார்ட், டெபியனில் பழைய சிஸ்டம் ஃபைவ். இந்த நேரத்தில் 101.3 என்ற தலைப்பின் கீழ் எல்பிஐ சேர்த்தது ஒரே வரி: சிஸ்டம்டி, அப்ஸ்டார்ட் இரண்டின் அடிப்படை இயல்புகளையும் அறிந்திருக்க வேண்டும். தலைப்பு அப்படியே ரன்லெவல் என்றுதான் இருந்தது, இனிட்டேப்பும் தன் இடத்தில் இருந்தது. இந்த நிதானத்தை நான் பாராட்டுகிறேன். எது வெல்லும் என்று யாருக்கும் தெரியாத நாளில், வெல்லப்போவதைத் தேர்ந்தெடுக்கும் வேலையைத் தேர்வு அமைப்பு தன் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டையும் ஒரே வரியில் சமமாக வைத்துவிட்டுக் காத்திருந்தது.

அடுத்தது 2015இல் வந்த 4.0. அதற்குள் எல்லாம் தெளிந்திருந்தது. ரெட் ஹாட் 7 வந்து ஓராண்டு. சூசேயின் நிறுவனப் பதிப்பு 12 வந்தது 2014 அக்டோபரில். டெபியன் 8, உபுண்டு 15.04 இரண்டும் 2015 ஏப்ரலில். நான்கும் சிஸ்டம்டி. 101.3இன் தலைப்பே மாறியது: ரன்லெவலுக்குப் பக்கத்தில் பூட் டார்கெட் வந்து உட்கார்ந்தது. 101.2இல் சிஸ்டம் ஃபைவ், சிஸ்டம்டி இரண்டையும் புரிந்திருக்க வேண்டும் என்றார்கள். அப்ஸ்டார்ட்டைக் கேள்விப்பட்டிருந்தால் போதும் என்றாகிவிட்டது. மூன்றாண்டுக்கு முன் ஒரே வரியில் சமமாக நின்ற இரண்டில் ஒன்று மேலே ஏறியது, ஒன்று கீழே இறங்கியது. ரெட் ஹாட் 6 முழுவதையும் உபுண்டு 14.04 முழுவதையும் எழுப்பிக்கொண்டிருந்த நிரலுக்கு, அது இன்னும் லட்சணமாக வேலை செய்துகொண்டிருந்த காலத்திலேயே இந்த நிலை. அப்ஸ்டார்ட்டை ஆழமாகக் கேட்ட எல்பிஐசி-1 பதிப்பு ஒன்றுகூட இல்லை. இதில் எனக்கு வருத்தம் உண்டு. ஒரு நிகழ்வு நடந்தால் அடுத்த வேலை தொடங்கட்டும் என்று யோசித்த முதல் பெரிய முயற்சி அது. 2015இல் படித்தவர்கள் அதைப் பெயரளவில் கடந்துபோனார்கள். ஆனாலும் அதன் உள்கட்டமைப்பைப் படித்தவர் அப்போது செலவழித்த உழைப்பு நெடுநாள் பயன்பட்டிருக்காது என்பதால், முடிவைத் தவறென்று சொல்ல மனம் வரவில்லை.

பொதுவாகப் பேசப்படாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சிஸ்டம்டியை எதிர்த்தவர்களின் பெரிய குறை, அது எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்த்துவிடுகிறது என்பது. அந்தக் குறை நியாயமானதா என்பதை முந்தைய பகுதிகளில் விரிவாகவே பார்த்தோம். எந்த வழங்கலையும் சாராமல் கேள்வி கேட்க வேண்டிய ஒரு தேர்வு அமைப்புக்கோ அந்த ஒற்றுமை பெரிய ஆறுதலாக அமைந்தது. அதுவரை ஒரு சர்வீஸ் பூட்டில் தானாக எழ வேண்டும் என்றால் ரெட் ஹாட்டில் செக்கான்ஃபிக், டெபியனில் அப்டேட்-ஆர்சி.டி, சூசேயில் இன்செர்வ். ரன்லெவல் எண்களும் ஒத்துப்போகாது. ரெட் ஹாட்டில் 3 என்றால் எழுத்துத் திரை, 5 என்றால் வரைகலை. டெபியனில் 2 முதல் 5 வரை எல்லாம் ஒன்றே, தொடக்கம் 2. இத்தனை வேறுபாட்டுக்கு நடுவே யாருக்கும் அநியாயம் செய்யாத ஒரு கேள்வியை அமைக்க வேண்டுமானால் மிகப் பொதுவாகக் கேட்க வேண்டியிருந்தது. சிஸ்டம்சிடிஎல் எனேபிள் என்பது எங்கும் ஒன்றே. யூனிட் கோப்பின் வடிவம் எங்கும் ஒன்றே. முதன்முறையாக எல்பிஐயால் இந்தப் பகுதியில் ஆழமாக இறங்கிக் கேட்க முடிந்தது.

அந்த ஆழம் 2018இன் 5.0 பதிப்பில் தெரிகிறது. சிஸ்டம்டி பூட் தலைப்பை விட்டு வெளியே வந்து மற்றத் தலைப்புகளிலும் பரவிவிட்டது. கிரானுக்குப் பக்கத்தில் டைமர் யூனிட்டுகள். நேரத்துக்கு டைம்டேட்சிடிஎல். பதிவேடுகளுக்கான 108.2இல் ஜர்னல்சிடிஎல் விரிவாக வருகிறது: தேதி, சர்வீஸ், தீவிரம் ஆகியவற்றை வைத்துப் பதிவுகளை வடிகட்டுவது, ஜர்னலை ரீபூட்டுக்குப் பிறகும் அழியாமல் வைப்பது, அதன் அளவுக்கு வரம்பு கட்டுவது. இன்னொன்றும் உண்டு: எழ மறுத்த ஒரு கணினியின் வட்டை மீட்பு அமைப்பிலிருந்து ஏற்றி, அதிலிருக்கும் ஜர்னலைப் படிப்பது. சிஸ்டம்டியின் பதிவேடு வெறும் எழுத்துக் கோப்பாக இல்லை, கேட் கமாண்டில் திறந்து பார்க்க முடியாது என்பது எதிர்ப்பாளர்களின் நீண்டகாலக் கவலை. அந்தக் கவலை உண்மையாகிற நாளில் நிர்வாகி என்ன செய்ய வேண்டும் என்பதையே பாடத்திட்டம் ஒரு வரியாக வைத்துக் கேட்கிறது. இதை எழுதியவர்கள் களத்தில் அடிபட்டவர்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

காம்ப்டியாவின் லினக்ஸ் பிளஸ் சான்றிதழ் 2010 முதல் எல்பிஐயின் தேர்வுகளையே பயன்படுத்தியது. அதில் தேறியவரால் எல்பிஐசி-1ஐயும் பெற முடிந்தது. 2019இல் அது பிரிந்து சொந்தத் தேர்வை வெளியிட்டது. லினக்ஸ் ஃபவுண்டேஷன் 2014 ஆகஸ்டில் தன் செய்முறைத் தேர்வைத் தொடங்கியபோது சென்ட்ஓஎஸ், ஓபன்சூசே, உபுண்டு மூன்றில் ஒன்றை எழுதுபவரே தேர்ந்தெடுக்கலாம் என்றது.

ரெட் ஹாட்டின் பாதை வேறு. அதன் ஆர்ஹெச்சிஎஸ்ஏ தேர்வில் எழுத்துக் கேள்வி கிடையாது. முன்னால் ஒரு கணினி, கையில் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல். முடித்தவை ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க வேண்டும். ஒவ்வொரு தேர்வும் குறிப்பிட்ட ஒரு பதிப்புக்கானது. எனவே பழையதா புதியதா என்ற இழுபறி அங்கே இல்லை, பதிப்பு மாறினால் தேர்வும் மாறும். அந்த மாற்றம் எத்தனை கடுமையாக இருந்தது என்பதற்கு, ரூட் பாஸ்வேர்டு தெரியாத கணினிக்குள் நுழையும் வேலையைப் பாருங்கள்.

ரெட் ஹாட் 6க்கான தேர்வில் பாடத்திட்டம் சொன்னது, சிங்கிள் யூசர் முறையில் உள்ளே போக வேண்டும் என்று. கிரப் பட்டியலில் கெர்னல் வரியின் கடைசியில் சிங்கிள் என்று சேர்த்தால் போதும். பாஸ்வேர்டு கேட்காமலே ரூட் ஷெல் கிடைத்துவிடும். பாஸ்டபிள்யூடி கமாண்டு அடித்து, ரீபூட் செய்தால் முடிந்தது. 7இல் அதே சொல்லைச் சேர்த்தால் சிஸ்டம்டி ரெஸ்க்யூ டார்கெட்டுக்குப் போகிறது, அங்கே ரூட் பாஸ்வேர்டு கேட்கிறது. மறந்த பாஸ்வேர்டையே கேட்கிறது. பாடத்திட்டமும் சிங்கிள் யூசர் என்ற பெயரை விட்டுவிட்டு, பூட்டை இடைமறித்து உள்ளே போக வேண்டும் என்று எழுதிக்கொண்டது. புதிய வழி இது: கெர்னல் வரியில் ஆர்டி.பிரேக் சேர்க்க வேண்டும். உண்மையான ரூட் கோப்பமைப்புக்கு மாறுவதற்கு முன்பே, இனிட்ராம்எஃப்எஸ் நிலையிலேயே பூட் நின்றுவிடும். சிஸ்ரூட் அடைவில் வட்டு படிக்க மட்டும் என்று ஏறியிருக்கும். அதை எழுதக்கூடியதாக மறுபடி மவுண்ட் செய்து, சிஹெச்ரூட் போட்டு உள்ளே போய் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். கடைசியாக ஆட்டோரீலேபிள் என்ற வெற்றுக் கோப்பை ரூட் அடைவில் உருவாக்க வேண்டும், பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியோடு. இதை விட்டால் எஸ்ஈலினக்ஸ் முத்திரை இல்லாத ஷேடோ கோப்போடு கணினி எழும், சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் உள்ளே விடாது. தேர்வில் இந்த ஒரு படியை மறந்தவருக்கு மற்ற எந்த வேலையையும் தொடக்கூட வழியிருக்காது.

பழைய முறையை ஆண்டுக்கணக்கில் செய்துவந்தவர்களுக்கு இதில் இன்னொரு தொல்லையும் இருந்தது, பழகிய கையின் வரிசை. சர்வீஸ் கமாண்டில் முதலில் சர்வீஸின் பெயர், பிறகு செயல். சிஸ்டம்சிடிஎல்லில் முதலில் செயல், பிறகு பெயர். 7இல் பழைய சர்வீஸ் கமாண்டு அடித்தால் அது மறுக்காமல் சிஸ்டம்சிடிஎல்லுக்குத் திருப்பிவிடும், அப்படித் திருப்பிவிட்டதைத் திரையில் சொல்லவும் செய்யும். செக்கான்ஃபிக்கும் அப்படியே. அந்த ஒரு வரி அறிவிப்பு நல்ல ஆசிரியர் போல வேலை செய்தது என்பேன். ஒவ்வொரு முறை பழையதை அடிக்கும்போதும் புதியது கண்ணில் படும். எந்த வகுப்புக்கும் போகாமல் இதைப் பார்த்தே மாறியவர்கள் எத்தனையோ பேர்.

எந்த வழி சிறந்தது? ரெட் ஹாட்டின் கறாரான வெட்டில் ஒரு தெளிவு இருக்கிறது. சான்றிதழைப் பார்த்தாலே இவருக்கு எந்தப் பதிப்பு கைவந்தது என்று தெரிகிறது. ஆனால் 7இல் தேறி வேலைக்கு வந்த இளைஞர் முதல் நாளே ரெட் ஹாட் 6 ஓடும் சர்வரின் முன் உட்காரும்போது, ஆர்சி3.டி அடைவில் எஸ்ஸும் கேயும் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். எல்பிஐயின் சான்றிதழ் ஐந்தாண்டு செல்லும். 2014இல் 3.5 பதிப்பில் தேறியவர் சிஸ்டம்டியை மேலோட்டமாக அறிந்த நிலையிலேயே 2019 வரை சான்றிதழோடு இருந்திருப்பார். இரண்டிலும் ஓட்டை உண்டு. இருந்தாலும் பழையதையும் புதியதையும் சில ஆண்டுகள் ஒன்றாகச் சுமந்த எல்பிஐயின் பக்கமே நான் நிற்பேன். சர்வர் அறைகள் ஒரே நாளில் மாறுவதில்லை. அங்கே போகிறவரை ஆயத்தம் செய்வதுதான் தேர்வின் வேலை.

2018 பதிப்பின் 101.3இல் சிஸ்டம்சிடிஎல்லோடு இனிட்டேப்பும் டெல்இனிட்டும் பட்டியலில் இருக்கின்றன. அன்றைக்கு அது சரியான முடிவு. ரெட் ஹாட் 6க்கு இன்னும் இரண்டாண்டு ஆயுள் இருந்தது, உபுண்டு 14.04 அப்போதும் ஆதரவில் இருந்தது. 2020 நவம்பரோடு அந்தக் கணக்கு மாறிவிட்டது. 2023 ஜூலையில் வந்த சிஸ்டம்டி 254, சிஸ்டம் ஃபைவ் ஸ்கிரிப்டுகளுக்கான ஆதரவு இனி கைவிடப்படும் பட்டியலில் சேர்கிறது, பின்வரும் ஒரு பதிப்பில் நீக்கப்படும் என்று அறிவித்தது. பழைய ஸ்கிரிப்டுகளைப் பார்த்துத் தானாகவே யூனிட் ஆக்கிக்கொள்ளும் வசதி சிஸ்டம்டியில் தொடக்கத்திலிருந்தே இருந்தது. அதை நம்பித்தான் பல நிறுவனங்கள் 2005இல் எழுதிய ஸ்கிரிப்டைத் தொடாமலே வைத்திருந்தன. எனவே அடுத்த பாடத்திட்டத்தை எழுதுகிறவர்கள் இனிட்டேப்பை எடுத்துவிடலாம், அதன் காலம் முடிந்தது. அதன் இடத்தில் நான் வைக்க விரும்புவது ஒரு திறமையை: பழைய இனிட்.டி ஸ்கிரிப்ட் ஒன்றை வாசித்து, அது எதை எதிர்பார்க்கிறது, எந்த வரிசையில் எழுகிறது, எந்தப் பயனராக ஓடுகிறது என்று புரிந்துகொண்டு, அதை யூனிட் கோப்பாக மாற்றி எழுதுவது. இனி வரும் சில ஆண்டுகளில் நிர்வாகிகள் மேசைக்கு வரப்போகும் வேலை அதுதான்.

(தொடரும்)